முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் வாய்க்கால்களைத் தூர்வாரக் கோரும் மனு

அனுப்புநர்
முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை ஒட்டிய கிராமங்களின் வாய்க்கால் மீனவர்கள்,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருவாரூர்.

நகல்: மாவட்ட வன அலுவலர் அவர்கள், திருவாரூர்.

பொருள்: அலையாத்திக் காட்டுக்குள் ஓதநீர் (கடல் ஏறி இறங்கும்போது வந்து போகும் நீர்) சென்றுவரும் வாய்க்கால்களை வடகிழக்குப் பருவமழைக்கு முன் தூர்வாருதல், காட்டின் எல்லையை அளந்து கல் நடுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

லகூனிலிருந்து (கடலோடு சேர்ந்த உப்பங்கழியிலிருந்து) காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீன் பிடிப்பது எங்கள் பாட்டன் காலத்துத் தொழில். முறை வைத்து வலை கட்டுகிறோம். மடவையும் கொடுவாயும் இறாலும் ஓதத்தோடு உள்ளே வரும். தண்ணீர் வற்றும்போது வலையில் விழும். அந்த வாய்க்கால்களில் தோணி தள்ளிப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் படாமல் போகாது. கரையோரத்து அலையாத்தி மரங்கள் ஆள் உயரத்தைத் தாண்டிப் பச்சைப்பசேலென்று நிற்கும். கரையை விட்டு இறங்கிச் சேற்றில் இருபது முப்பது அடி நடந்தால் அதே மரம் இடுப்பளவுதான். இன்னும் உள்ளே போனால் மரமே இல்லை. கோடையில் தரை பாளம் பாளமாக வெடித்து, மேலே வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். நண்டு வளைகூடத் தென்படாது. மண் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். தண்ணீர் வந்து போகிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் கூப்பு முறையில் இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். நிழல் போன சேறு காய்ந்து அமிழ்ந்து தாம்பாளம்போல் பள்ளமானது. அதில் ஏறிய கடல்நீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. அலையாத்திக்கு உப்பு பழகியதுதான். இலையைத் தடவிப் பார்த்தால் அது வெளியே தள்ளிய உப்பு விரலில் நறநறக்கும். ஆனால் அதற்கும் ஒரு தாங்கும் அளவு உண்டு. இதைப் புரிந்துகொண்டுதான் 1990-களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் நடுவில் பெரிய வாய்க்காலும் இருபுறமும் கிளைகளுமாக மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, பிச்சாவரத்திலும் இங்கேயும் வெற்றுப் பள்ளங்களில் மரத்தை மீண்டும் நிற்க வைத்தார்கள். நல்ல வேலை. நன்றியோடு சொல்கிறோம்.

ஆனால் வாய்க்கால் என்பது ஒருமுறை வெட்டிவிட்டு மறந்துவிடக்கூடியதல்ல. இந்தக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. அதனால் வாய்க்கால் வாயில் ஒரு முழம் வண்டல் படிந்தாலே உள்ளே தண்ணீர் ஏறாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது இந்தக் காடு பட்ட அடியைத் தாங்கள் அறிவீர்கள். முறிந்த மரங்களும் கிளைகளும் சின்ன வாய்க்கால்களில் விழுந்து கிடந்தன. அவற்றைச் சுற்றி வண்டல் பிடித்தது. தண்ணீர் ஓடிய இடங்களில் இரண்டு மூன்று மழைக்குள் அடிமரம் துளிர்த்ததைப் பார்த்தோம். தேங்கிய இடங்களில் பட்ட மரம் பட்டமரமாகவே நின்றது.

ஆற்று நீரும் குறைந்துவிட்டது. கோரையாறும் பாமணியாறும் கொண்டுவரும் நன்னீர் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் லகூனை எட்டிப் பார்க்கிறது. கடலுக்குப் போகும் தண்ணீர் வீண் என்று படித்தவர்களே பேசும்போது மனம் வேதனைப்படுகிறது. கடைமடையில் விழும் அந்தத் தண்ணீர்தான் காட்டின் உப்பைக் கழுவுகிறது; உதிர்ந்த அலையாத்தி விதை வேர் பிடிக்கவும், இறால் குஞ்சு வளரவும் அதுதான் வேண்டும். கடைமடைக் கதவணைகளில் தண்ணீர் திறக்கும் கணக்குப் போடும்போது வயலுக்கு அடுத்தபடியாகக் காட்டுக்கும் ஒரு பங்கு எழுதப்பட வேண்டும்.

கன்று நடும் விழாக்களை நாங்கள் குறை சொல்லவில்லை. நட்ட எண்ணிக்கையோடு, இரண்டு கோடையைத் தாண்டி உயிரோடு இருக்கும் எண்ணிக்கையையும் எழுதி வைக்க வேண்டுகிறோம். இன்னொன்று: திறந்து கிடக்கும் சேற்றுத் திட்டுகளில் எல்லாம் கன்று நட வேண்டாம். பார்ப்பவர்களுக்கு அது சும்மா கிடக்கும் இடம். பூநாரைக்கும் உள்ளானுக்கும் அதுதான் இரை தேடும் இடம். கோடியக்கரையோடு சேர்த்து 2002-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறிய இந்த ஈரநிலத்துக்கு வலசைப் பறவைகள் வருவது அந்தச் சேற்றை நம்பித்தான்.

ஆகவே, ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் வாய்க்கால்களைத் தூர்வாரவும், முகத்துவாரத்தில் சேரும் மணலைக் கவனித்து வழி திறந்து வைக்கவும் ஆணையிட வேண்டுகிறோம். பொக்லைன் வேண்டாம். அது வாய்க்காலோடு, சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் மூச்சு வேர்களையும் மிதித்துவிடும். வனத்துறையின் மேற்பார்வையில் எங்கள் ஆட்களுக்கே கூலி கொடுத்து மண்வெட்டியால் செய்யச் சொன்னால் போதும்; எந்த வளைவில் வண்டல் நிற்கும் என்பது எங்களுக்குத் தெரியும். வாய்க்கால்வாரியாக நீரின் உப்பைக் கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் அளந்து பதிவு செய்தால், எது அடைத்திருக்கிறது என்று அலுவலகத்தில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம்.

எல்லைக் கல்லும் அவசரம். அரசு நிலத்தில் 1,000 சதுர மீட்டருக்கு மேல் அலையாத்தி இருந்தால் சுற்றி 50 மீட்டரும் பாதுகாப்புப் பகுதி என்று 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை சொல்கிறது. அந்த 50 மீட்டர் எங்கே முடிகிறது என்று கரையில் நின்று காட்ட இன்று யாராலும் முடியவில்லை. காட்டோரத்து இறால் பண்ணைகளின் கழிவுநீர் எங்கே திறந்துவிடப்படுகிறது என்பதையும் அதே அளவையில் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

தாங்கள் ஒரு நாள் நேரில் வந்து பார்க்க வேண்டும். காலையில் ஓதம் ஏறும்போது தோணியில் உள்ளே அழைத்துப் போகிறோம். தண்ணீர் வற்றும்வரை இருந்தால், எந்த வாய்க்கால் உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்பதைத் தங்கள் கண்ணாலேயே காணலாம். நாளைத் தெரிவித்தால் துறையில் காத்திருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு வாய்க்கால் மீனவர்கள்

(கையொப்பங்கள் இணைப்பில்)