தம்பி, ஈர்க்குச்சிக் கட்டை அவர்களே பிரிக்கட்டும்

அன்புள்ள தம்பி,

மூன்றாம் வகுப்புக்கு நீதான் ஆசிரியர் என்று முடிவானதில் சந்தோஷம். நீ அனுப்பிய போட்டோக்களையும் பார்த்தேன். தெர்மாகோல் எரிமலை, கலர் பேப்பர் பட்டாம்பூச்சி, சுவர் முழுக்க சார்ட். அழகுதான். ஆனால் பாதிக்கு மேல் நீயே வெட்டி நீயே ஒட்டியது, இல்லையா?

செய்து கற்பது என்றால் எனக்கு ஒரே கணக்குதான். பிள்ளை தப்பாகச் செய்தால் கையில் இருக்கும் பொருளே அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும். பட்டாம்பூச்சியை எப்படி ஒட்டினாலும் அது பட்டாம்பூச்சிதான்.

கழித்தலை எடுத்துக்கொள். 42-இலிருந்து 17. பலகையில் போட்டால் சிலராவது 35 என்று எழுதுவார்கள். பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்று நாம்தானே பழக்கினோம், ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுவார்கள். அதே பிள்ளைக்குத் துடைப்ப ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடு. நான்கு கட்டு, இரண்டு உதிரி. "பதினேழு குச்சி வேணும். முதல்ல ஏழு குடு" என்று கையை நீட்டு. இரண்டைத் தந்துவிட்டு உன் முகத்தைப் பார்ப்பான். நீ வாயைத் திறக்காதே (உனக்கு அது கஷ்டம், தெரியும்). பக்கத்தில் இருப்பவள் "கட்டைப் பிரிடா" என்பாள். பிரிப்பான், இன்னும் ஐந்து தருவான், ஐந்து மிஞ்சும். அப்புறம் ஒரு முழுக் கட்டைத் தருவான். தரையில் இரண்டு கட்டும் ஐந்து குச்சியும். அதற்குப் பிறகு பலகைக்குப் போ. 4-ஐ அடித்து 3 போடும்போது, "அடித்த அந்த ஒன்று எங்கே போச்சு?" என்று கேள். பிரித்த கட்டைக் காட்டுவார்கள்.

வடிவியலுக்கு அரவிந்த் குப்தாவின் வழி இருக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர், 1978-இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்துக்கு, கிராமப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதனை செய்தே அறிவியல் படிக்க வைத்த திட்டம் அது, போனவர். மருந்து சுரண்டிய தீக்குச்சி, துண்டு துண்டாக வெட்டிய சைக்கிள் வால்வு டியூப், அவ்வளவுதான் சாமான். ஒரு துண்டின் இரு முனையிலும் குச்சியைச் செருகினால் மூட்டு தயார். முக்கோணத்தை எப்படி அழுத்தினாலும் நிற்கும். சதுரம் சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குச்சி கொடுக்கச் சொல். அதே நீளத்தில் கொடுத்தால் சதுரம் நசுங்கிக்கொண்டுதான் நிற்கும். நீளமான குச்சி தேடி அவர்களே ஈர்க்குச்சிக்குப் போவார்கள்.

நேரமே இல்லை என்கிறாய். சரி. ஆனால் இது புதுசாக வந்த பாரம் இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோதே, பிள்ளைகள் அவரவர் வேகத்தில் ஒவ்வொன்றாகச் செய்து முடிக்கும் பாட அட்டைகள், பிள்ளைகள் எட்டும் உயரத்தில் கரும்பலகை, அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல் எல்லாம் வந்துவிட்டன. என் அபிப்பிராயம், அட்டையை முடிப்பதே குறி என்று ஆன வகுப்புகளில்தான் அது உயிரில்லாமல் போனது. சின்ன வகுப்புகளில் படிப்பும் கணக்கும் கைவர 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கும் அதே ஆபத்து உண்டு. பாடத்துக்கு ஒரு செயல்பாடு என்று ஓடாதே. ஒன்றையே ஒரு வாரம் வைத்துக்கொள்.

குச்சிகளைக் கட்ட ரப்பர் பேண்டு வேண்டாம், வெயிலில் இற்றுப்போகும். பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டிக்கொள். குச்சிகளின் கூரான நுனியை மறக்காமல் நறுக்கிவிடு, கண்ணில் குத்தும்.

அன்புடன்,
அக்கா