ரயிலை விட்டு இறங்கினால் பஸ் இருக்க வேண்டும்

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழும அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். வரட்டும், வேண்டியதுதான். நான் கேட்க வந்த வேலை அந்தக் கணக்கில் சில்லறையாகக்கூடத் தெரியாது. மேம்பாலத்தில் ஓடும் நம் பறக்கும் ரயிலின் நிலையங்களையும் பக்கத்துப் பேருந்து நிலையங்களையும் இணைத்துக் கொடுங்கள்.

திருவான்மியூரை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையம் டைடல் பார்க் பக்கம், ராஜீவ் காந்தி சாலையில். பேருந்து நிலையம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம். இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் புதிதாக வருபவர்கள் அடுத்தடுத்து இருக்கும் என்று நம்பி இறங்கிவிடுகிறார்கள். ஒரு மாலை, இடுப்பில் குழந்தையும் கையில் கட்டைப்பையுமாக ஒரு அம்மா, "பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம்ணா?" என்று டீக்கடையில் கேட்டுக்கொண்டிருந்தார். "நடக்கவெல்லாம் முடியாதும்மா, ஆட்டோ புடிச்சிடுங்க" என்றார் கடைக்காரர். கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் அது. அந்த நிலையத்தின் வழிகாட்டிப் பலகை வேலையை அவர்தான் சம்பளமில்லாமல் பார்க்கிறார்.

வேளச்சேரியிலும் இதே கதை. 2007இல் ரயில் வந்தது. விஜயநகர் பேருந்து நிலையம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடுவில் உள்ள தூரத்தை வெயிலிலும் மழைத்தண்ணீரிலும் நடந்து கடப்பது பயணிகள் பாடு.

இதற்குப் புதிய பாலமோ சுரங்கமோ வேண்டாம். 2013 அக்டோபரில் மாநகர் போக்குவரத்துக் கழகம் சிறிய பேருந்துகளை இறக்கியது நினைவிருக்கும். அவற்றில் வரைந்த இலைகள் அப்போது ஆட்சியில் இருந்த அ.தி.மு.க.வின் இரட்டை இலைச் சின்னமா என்று நடந்த சண்டையில் பாதிகூட, அவை எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதைப் பற்றி நடக்கவில்லை. அப்படிப்பட்ட சின்ன வண்டிகள் நான்கைந்து போதும். திருவான்மியூர் ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம், அங்கிருந்து அடையாறு, கஸ்தூரிபாய் நகர், மறுபடி ரயில் நிலையம் என்று சுற்றி வரட்டும். கூட்டம் வருமா என்று ஆய்வு நடத்த ஆலோசகரைத் தேட வேண்டாம். சாயங்காலம் ஆறரைக்கு நிலையத்து வாசலில் கொஞ்ச நேரம் நின்று ஷேர் ஆட்டோக்களைப் பாருங்கள். டிரைவர் சீட்டின் ஓரத்தில்கூட ஒருவர் தொற்றிக்கொண்டு போவார்.

அப்புறம், அந்த வண்டிகளைச் சாதாரணக் கட்டணத்தில்தான் விட வேண்டும். டீலக்ஸ் போர்டு மாட்டிவிட்டால் 2021 மே முதல் பெண்களுக்குக் கிடைத்துவரும் கட்டணமில்லாப் பயணம் இங்கே கிடைக்காது. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகிற பெண்கள் தினமும் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு மிச்சமாக வேண்டும் என்பதுதானே இதில் முக்கியம்.

நேரம் இன்னொரு தொல்லை. இரவு ஒன்பதரைக்கு மேல் ரயிலும் குறைகிறது, பஸ்ஸும் குறைகிறது. ரயில் வந்து நிற்கும்போது கீழே கடைசி வண்டி கிளம்பிப் போயிருக்கும். மேலே ரயில் வந்த பிறகு ஐந்து நிமிடம் கழித்து வண்டியை எடு என்று ஓட்டுநரிடம் சொல்ல எவ்வளவு செலவாகும்? ரயில் ஒருவர் கையில், பஸ் இன்னொருவர் கையில் என்பது தெரியும். இவர்களை ஒரே மேஜையில் உட்கார வைக்கத்தானே 2010இல் சட்டம் போட்டு உங்கள் குழுமத்தை உருவாக்கினார்கள்? பறக்கும் ரயில் மெட்ரோ வசம் போகும் என்ற பேச்சு பல வருடங்களாக அடிபடுகிறது. அது யார் கைக்குப் போனாலும் கீழே பஸ் நிற்க வேண்டும்.

சென்னை ஒன் செயலி நல்ல வேலை, சந்தேகமில்லை. பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம். ஆனால் திருவான்மியூரில் இறங்கி அந்த டிக்கெட்டோடு அடுத்த வண்டிக்கு எங்கே போவது? படிக்கட்டு முடியும் இடத்தில், எந்த எண் பஸ் எங்கே நிற்கும், எத்தனை நிமிட நடை என்று பெரிய எழுத்தில் தமிழில் ஒரு பலகை வையுங்கள். விளக்கும் போடுங்கள். மேம்பாலத் தூண்களுக்கு நடுவே பல இடங்களில் பகலிலேயே இருட்டு. பெண்கள் அந்த வழியாகத் தனியாக நடக்கத் தயங்குவதில் ஆச்சரியமே இல்லை.

எல்லா நிலையத்துக்கும் ஒரே நாளில் கேட்கவில்லை. திருவான்மியூரில் மட்டும் ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள். ஏறியவர் கணக்கை மாதாமாதம் நிலையத்திலேயே ஒட்டுங்கள். கூட்டம் வரவில்லை என்றால் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் கேட்க மாட்டோம். வந்தால் அடுத்தது வேளச்சேரி.

இப்படிக்கு,
தென்சென்னைப் பயணி ஒருவர்