தார்ப் பாலைவனத்துக்கு ஒரு பொதுப் பட்டியல் வேண்டும்

தார்ப் பாலைவனத்தின் மக்கள், வரலாறு, சுற்றுச்சூழல் ஆகியவற்றைப் பற்றிய சுவடிகளையும் ஒலிப்பதிவுகளையும் அளவீடுகளையும் காத்துவரும் காப்பகங்கள், ஆய்வு நிறுவனங்கள், பல்கலைக்கழக நூலகங்கள் ஆகியவற்றின் மதிப்புக்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் ஒரு நிறுவனத்திலிருந்து எங்கள் முதுகலை மாணவர் ஒருவருக்கு அண்மையில் வந்த மறுப்புக் கடிதமே இம்மடலை எழுதத் தூண்டியது. அந்நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிட விரும்பவில்லை. ஏனெனில் அதே கடிதம் உங்களில் வேறு எவரிடமிருந்தும் வந்திருக்கக்கூடும் என்பதை இத்துறையில் உழைக்கும் எல்லாரும் அறிவோம். இம்மடலின் இந்தி வடிவம் உங்களுக்குத் தனியே அனுப்பப்படுகிறது. தெற்கிலிருந்து பாலைவன ஆய்வுக்கென்று ஜோத்பூருக்கும் பிகானேருக்கும் வர எண்ணும் மாணவர்களும் படிக்கட்டும் என்பதற்காகவே இதைத் தமிழிலும் வெளியிடுகிறேன்.

அந்த மாணவர் பார்மேர் மாவட்டத்து மாங்கணியார் குடும்பத்தில் பிறந்தவர். மாங்கணியார்களைப் பற்றி உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இஸ்லாமியர்களான அவர்கள், தங்களைப் புரந்துவரும் இந்துக் குடும்பங்களின் பிறப்பிலும் திருமணத்திலும் தலைமுறை தலைமுறையாகப் பாடிவருபவர்கள். அக்குடும்பங்களின் வம்சாவளியை ஏட்டின் துணையின்றி நினைவிலேயே வைத்திருப்பவர்கள். இந்த மாணவரின் பாட்டனார், வில்லால் இசைக்கும் நரம்புக் கருவியான கமாய்ச்சாவை இசைத்துப் பாடியதைப் பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வாளர் ஊருக்கு வந்து ஒலிநாடாவில் பதிவு செய்துகொண்டு சென்றார். பாட்டனார் இன்று இல்லை. அவர் பாடிய மழைப் பாடல்களில் பல குடும்பத்தில் எவருக்கும் முழுமையாக நினைவில் இல்லை. அப்பாடல்களையே தம் ஆய்வேட்டுக்குப் பொருளாக எடுத்துக்கொண்ட பேரன், நாடா இருக்கும் இடத்தை விசாரித்து அறிந்து, கேட்க அனுமதி வேண்டி எழுதினார்.

பதிவு எண்ணைக் குறிப்பிட்டால்தான் நாடாவைத் தேட இயலும் என்று பதில் வந்தது. பதிவு எண்கள் அடங்கிய பட்டியலைக் காட்டுமாறு கேட்டபோது, அது அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது என்றனர். துறைத்தலைவரின் கடிதத்தோடு நேரில் சென்றபோது, தட்டச்சு செய்த பட்டியலின் சில பக்கங்களை மட்டும் பார்க்கவிட்டார்கள். பதிவு செய்தவரின் பெயர் ஒவ்வொரு வரியிலும் இருந்தது. பாடியவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'நாட்டுப்புறப் பாடகர், பார்மேர்' என்று மட்டுமே இருந்தது. அப்படிப்பட்ட வரிகள் பக்கம் பக்கமாக இருந்தன. அவற்றில் எது தம் பாட்டனார் என்று அந்தப் பிள்ளையால் சொல்ல முடியவில்லை. பட்டியலிடும் பணி நிறைவடையாததால் கோரிக்கையை ஏற்க இயலவில்லை என்ற கடிதம் பின்னர் வந்தது.

மரியாதைக்குரியவர்களே, அந்த நாடாவைத் தூசியும் வெப்பமும் தின்றுவிடாமல் இத்தனை ஆண்டுகள் காத்ததற்கு நாங்கள் நன்றி உடையவர்கள். ஆயினும், பாடியவரின் சொந்தப் பேரன் கேட்க முடியாதபடி அக்குரல் யாருக்காகக் காக்கப்படுகிறது என்ற கேள்விக்கு விடை வேண்டும் என்று உங்களிடம் நேராகவே கேட்கிறோம்.

எங்கள் கோரிக்கை ஒன்றே. தார்ப் பாலைவனம் குறித்து உங்கள் ஒவ்வொருவரிடமும் என்னென்ன இருக்கின்றன என்பதைக் காட்டும் ஒரே பொதுப் பட்டியலை, இந்தியிலும் ராஜஸ்தானியிலும் ஆங்கிலத்திலும், எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி கூட்டாக வெளியிடுங்கள். பதிவு செய்தவரின் பெயருக்கு அருகில் பாடியவரின் பெயரும், சுவடியின் பெயருக்கு அருகில் அது எந்த ஊரில் எந்தக் குடும்பத்தாரிடமிருந்து பெறப்பட்டது என்பதும் அதில் இடம்பெற வேண்டும்.

இது புதிய கோரிக்கையும் அன்று. இத்தாலியரான தெஸ்ஸித்தோரி, 1914இல் இந்தியா வந்து, ஜோத்பூர், பிகானேர் அரசுகளின் நிலப்பரப்பில் சாரணர் எனப்படும் பாணர் குலத்தார் டிங்கள் என்னும் இலக்கிய மொழியில் இயற்றியவற்றின் சுவடிகளைத் தேடித் தொகுத்து, அவற்றுக்கான விளக்கப் பட்டியல்களை வங்காள ஆசியக் கழகத்தின் வழியாக வெளிவரச் செய்தார். 1919இல் பிகானேரிலேயே, 32 வயதும் நிறையாமல், அவர் மறைந்தார். கணினியோ ஒளிப்பட நகல் வசதியோ இல்லாத காலத்தில் ஒரு தனிமனிதர் தொடங்கிவைத்த அந்தப் பணியை, ஒரு நூற்றாண்டு கடந்த பின்பும் இத்தனை நிறுவனங்கள் சேர்ந்து முடிக்கவில்லை என்பது எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஒரு மாணவர் பாலைவனத்தின் ஒரே ஒரு கிராமத்தைப் படிக்க விரும்பினால் எங்கெல்லாம் அலைய வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பழைய அரசுகளின் கணக்குப் பதிவேடுகளான பஹி ஏடுகள் பிகானேரில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சுவடிகளோ ஜோத்பூரில் பல கூரைகளின் கீழ்ச் சிதறிக் கிடக்கின்றன. மண், மழை, மேய்ச்சல் பற்றிய அளவீடுகள் 1959 முதல் ஜோத்பூரில் இயங்கும் மத்திய வறண்ட மண்டல ஆய்வு நிறுவனத்தில் குவிந்திருக்கின்றன. கோமல் கோத்தாரியும் விஜய்தான் தேத்தாவும் 1960இல் போருந்தா கிராமத்தில் தொடங்கிய ரூபாயன் சன்ஸ்தானைப் போன்ற அமைப்புகளின் முயற்சியால் வாய்மொழி மரபு ஒலியாகச் சேகரிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் அரிய செல்வம். உங்களில் சிலர் ஏடுகளைப் பெருமளவில் கணினிக்கு மாற்றிப் பொதுவில் வைத்திருப்பதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும். ஆனால் ஓரிடத்தில் இருப்பது இன்னோரிடத்தில் தெரியாதவரை, வசதியும் அறிமுகமும் உள்ள ஆய்வாளருக்கே இவை கிடைக்கும். ஊரிலிருந்து பேருந்தில் வந்து அன்றே திரும்ப வேண்டிய மாணவருக்குக் கிடைக்கமாட்டா.

இவற்றை அருகருகே வைத்துப் படிப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு 17ஆம் நூற்றாண்டில் மார்வார் அரசின் திவானாக இருந்த முஹணோத் நைணசி தொகுத்த பர்கனா (வருவாய் வட்டம்) விவரங்களே சான்று. ஊர் ஊராகக் கிணறும் குளமும் விளைச்சலும் வரியும் அதில் பதிவாகியிருக்கின்றன. அந்த ஊர்களின் இன்றைய மழையளவையும் நிலத்தடி நீரையும், அவ்வூர்ப் பாடகர்களின் பாடல்களில் பேசப்படும் நீர்நிலைகளையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்க்க ஒரு மாணவரால் முடிந்தால், எந்த ஊர் எந்தக் காலத்தில் நீரை இழந்தது, ஏன் இழந்தது என்று சொல்ல முடியும். 2006 ஆகஸ்டில் பார்மேரின் கவாஸ் கிராமத்தை வெள்ளம் மூழ்கடித்து, நிலத்தடி ஜிப்சம் படிவு நீரை உள்ளே இறங்கவிடாமல் நெடுநாள் தேக்கிவைத்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஜிப்சம் எங்கே இருக்கிறது என்பது நிலவியலாளரின் வரைபடத்தில் இருக்கும். நீர் முன்பு எந்த வழியில் ஓடியது என்பது முதியவர்களின் நினைவிலோ பழைய ஏட்டிலோ இருக்கும். இரண்டையும் இணைத்துப் படிக்க வழியில்லாத இடத்தில் வீடுகளும் சாலைகளும் மட்டும் எழுந்துகொண்டே இருக்கின்றன.

அறியாமையின் விலையை நிலமும் கொடுக்கிறது. கோயிலுக்கும் காவல் தெய்வத்துக்கும் உரியதென்று மரம் வெட்டாமல் ஊரார் காத்துவந்த ஓரண் காடுகளும் மேய்ச்சல் வெளிகளும் அரசுப் பதிவேடுகள் பலவற்றில் தரிசு என்றே எழுதப்பட்டன. தரிசு என்று எழுதிய நிலத்தைச் சூரிய மின் நிலையத்துக்குக் கொடுப்பது எளிது. அங்கே வன்னி மரமும் கானமயிலும் ராய்க்கா மக்களின் ஒட்டகங்களும் இருந்தன என்று மெய்ப்பிப்பது ஊராரின் தலையில் விழுகிறது. 2012க்கும் 2019க்கும் இடைப்பட்ட கணக்கெடுப்புகளுக்குள் நாட்டின் ஒட்டகங்கள் ஏறத்தாழ 4 லட்சத்திலிருந்து 2.5 லட்சமாகக் குறைந்தன. ராஜஸ்தானின் தெய்வக் காடுகளை அளந்து காடென்று அறிவிக்குமாறு 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது. அந்த ஆணையைப் பயன்படுத்த ஊராருக்குத் தேவைப்படும் பட்டயங்களும் பழைய எல்லைக் குறிப்புகளும் உங்கள் அலமாரிகளில் இருக்கக்கூடும். தங்கள் ஓரணைப் பற்றிய ஏடு ஒன்று உண்டா என்று அவர்கள் எங்கே போய்க் கேட்பார்கள்?

சுற்றுலாத் துறையைப் பற்றியும் ஒரு சொல். ஜைசல்மேருக்கு அருகே பாலிவால் பிராமணர்கள் கைவிட்டுப் போன குல்தாரா, பேய் உலவும் ஊராக விற்கப்படுகிறது. மழைநீரைத் தாழ்நிலத்தில் தேக்கி, அது வற்றியபின் ஈரத்திலேயே பயிர் விளைவிக்கும் கடீன் முறையை அந்தப் பாலிவால்கள்தாம் அங்கே வளர்த்தெடுத்தார்கள் என்பதை அறியாமலேயே பெரும்பாலோர் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். இந்த மக்களின் அறிவைவிட அவர்களின் இடிபாடு மதிப்புப் பெறுவதைக் காணும்போது நெஞ்சு பொறுக்கவில்லை. இது உங்கள் பொறுப்புக்கு அப்பாற்பட்டது என்பதை அறிவேன். எனினும் கடீன் பற்றிய ஆய்வுகள் எளிதில் கிடைத்தால் வழிகாட்டிகளாவது வேறு கதை சொல்வார்கள்.

உங்கள் தயக்கங்களும் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. பணியாளர் பற்றாக்குறை உண்மையானது. சில வம்சாவளிகளும் சடங்குப் பாடல்களும் அந்தந்தக் குடும்பத்துக்கே உரியவை என்பதும் உண்மை. ஆனால் நாங்கள் கேட்பது பட்டியலை. ஒரு பொருள் இருக்கிறது என்று அறிவிப்பதாலேயே அதைக் கண்டபடி பரப்பிவிட்டதாக ஆகாது. யார் கேட்கலாம், யார் படியெடுக்கலாம் என்பதை அந்தச் சமூகத்தாரையே கலந்து முடிவு செய்யுங்கள். அவர்களிடம் கேட்பதற்கும் முதலில் அவர்கள் பெயர் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

1947க்குப் பின் இப்பாலைவனத்தின் ஒரு பகுதி பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து உமர்கோட், மிட்டி ஊர்களோடு எல்லைக்கு அப்பால் நிற்கிறது. எல்லையிலுள்ள முனாபாவ் வழியாக இரு நாடுகளையும் இணைத்து 2006இல் மீண்டும் ஓடத் தொடங்கிய ரயிலும் 2019இல் நின்றது. உறவினரைச் சந்திக்கவே வழியில்லாதபோது ஆவணங்களைப் பார்க்க அங்கே போகும் வாய்ப்பு எவருக்கும் இல்லை. இப்பக்கத்தில் இருப்பதையாவது முழுமையாக அறியவிடுங்கள்.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முழுமையான பட்டியல் தயாராகும்வரை காத்திருக்க வேண்டாம். உங்களிடம் இன்று இருக்கும் கையெழுத்துப் பட்டியல்களையும் தட்டச்சுப் பட்டியல்களையும், பிழைகளோடும் விடுபடல்களோடும், உள்ளபடியே படமெடுத்து வெளியிடுங்கள். 'நாட்டுப்புறப் பாடகர்' என்று எழுதப்பட்ட இடங்களில் பெயர்களை நிரப்பும் வேலையை எங்கள் மாணவர்களும் லாங்கா, மாங்கணியார், மேக்வால், பீல் சமூகத்தார் வாழும் ஊர்களின் பெரியவர்களும் ஊதியம் எதிர்பாராமல் செய்து தருவோம். எந்த நாளில், எந்த ஊரில், யாரைக் கொண்டு தொடங்கலாம் என்பதை மட்டும் உங்களில் ஒருவரேனும் எழுதித் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மேற்கு ராஜஸ்தானில் பணிபுரியும் ஒரு தமிழ் ஆசிரியர்