தேர்தலே இல்லை என்றால் வேட்புமனு வாங்கியது எதற்கு?

(2023இல், அப்போதைய இலங்கை ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவுக்கு எழுதிய கடிதம்)

மாண்புமிகு ஜனாதிபதி அவர்களுக்கு,

வணக்கம். பெப்ரவரி 23 அன்று நாடாளுமன்றத்தில் நீங்கள் பேசியதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். உள்ளூராட்சித் தேர்தலை ஒத்திவைக்கவில்லை, ஒத்திவைக்கத் தேர்தலே இல்லை என்றீர்கள். தேர்தல் ஆணைக்குழு முறைப்படி முடிவெடுக்கவில்லை என்று சொன்னீர்களா, பணமில்லை என்று சொன்னீர்களா? முதலாவது என்றால் அதைத் தீர்க்க வேண்டியது நீதிமன்றம். இரண்டாவது என்றால், வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய பணத்தைத் தடுத்து வைக்கக் கூடாதென்று மார்ச் 3ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளையே பிறப்பித்துவிட்டது. மார்ச் 9இல் நடக்க இருந்த வாக்களிப்புக்கு ஏப்ரல் 25 என்று ஆணைக்குழு புதுத் திகதியும் அறிவித்தது. ஆனால் வாக்குச்சீட்டு இன்னும் அச்சாகி முடியவில்லை.

தேர்தலே இல்லையென்றால் ஜனவரியில் வேட்புமனுக்களும் கட்டுப்பணமும் வாங்கியது எதற்கு?

வேட்புமனுக் கொடுத்த அரச ஊழியர்களின் நிலை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அவர்கள் சட்டப்படி சம்பளமில்லா விடுமுறையில் நிற்கிறார்கள். மார்ச் 9இல் வாக்களிப்பு முடிந்ததும் கந்தோருக்குத் திரும்பலாம் என்று கணக்குப் போட்டவர்கள். எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒருவர் இருக்கிறார். சம்பளத்தில் கழிபடும் வங்கிக் கடனுக்கு இப்போது கைக்காசு கட்டவேண்டும். பிள்ளையின் ரியூசன் காசு இரண்டு மாதம் நிலுவை. பால்மா கடைக்கொப்பியில் ஏறுகிறது. தேர்தலும் இல்லை, வேலையும் இல்லை. சட்டத்தை மதித்ததற்கு அவருக்குக் கிடைத்தது இதுதான்.

மார்ச் 19ஆம் திகதியோடு உள்ளூராட்சி சபைகளின் காலமும் முடிந்துவிட்டது. வடக்கு, கிழக்கில் எங்களுக்கு இது புதிதல்ல. கிழக்கு மாகாண சபை 2017இலும் வடக்கு மாகாண சபை 2018இலும் காலம் முடிந்தன. எல்லை நிர்ணயம் என்றார்கள், அப்புறம் சட்டத்தில் சிக்கல் என்றார்கள். ஆளுநர்கள் மாறினார்களே தவிர, தேர்தல் வரவில்லை. இப்போது பிரதேச சபையும் அதே வழியில் போகிறது. தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

1998இல் ஐந்து மாகாண சபைகளின் தேர்தலை நிறுத்தியபோது, வாக்களிப்பதும் கருத்து வெளிப்பாட்டு உரிமைதான் என்று 1999இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தரணியான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஐயா, பணிவாகவே கேட்கிறேன். நிதியமைச்சும் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒதுக்கிய பணத்தை விடுவியுங்கள். தேர்தல் இருக்கிறதா இல்லையா என்று நாடாளுமன்றத்திலேயே ஒரே வசனத்தில் சொல்லுங்கள். வாக்களிப்பு இன்னும் தள்ளிப்போனால், அந்த ஊழியர்கள் வேலைக்குத் திரும்ப உடனே வழி செய்யுங்கள். அடுத்த சம்பளத் திகதிக்கு முன்பே அது நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
வடமாகாண வாக்காளர் ஒருவர்