கண்ணுக்கு, அம்மா எழுதுவது

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போனில் சளி பிடித்திருக்கிறது என்று சொன்னாய். நானும் சரி, வெந்நீர் குடி என்று சொல்லி வைத்துவிட்டேன். அது சளி இல்லை என்று எனக்குத் தெரியும். போனில் கேட்டால் நீ என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவாய், என் கேள்வி அப்படியே நின்றுவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆலோசனை உளவியல் படித்தவள் எதற்கு ரத்தமும் டியூபுமாக உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்குப் போகிறாள் என்று உன் பெரியப்பா கேட்டது உனக்கு உறுத்தியிருக்கிறது. 'ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்' என்றாராம். அங்கே லேப்பில் இருப்பவர்கள் உன்னைப் 'பேசுற பொண்ணு' என்கிறார்கள், உன்னோடு படித்த கவுன்சலர்கள் 'நீ இப்ப லேப் ஆளு' என்கிறார்கள், இரண்டு பக்கமும் நான் இல்லை போலிருக்கிறது அம்மா என்றாய். அந்த வார்த்தையிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போனது. ஏனென்றால் நீ எங்கே நிற்கிறாயோ அந்த இடத்துக்குப் பக்கத்து நாற்காலியில் நான் இருபது வருஷம் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் லேப் டெக்னீஷியன் என்பது உனக்குத் தெரியும். நம்பிக்கை மையம் என்று பலகை மாட்டியிருந்த, எச்.ஐ.வி. சோதனை செய்கிற அந்த இரண்டு அறைகளும் உனக்கு ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாய். ஒரு அறையில் கவுன்சலர் அக்கா, அடுத்த அறையில் நான். ஆனால் அதற்கு முந்தின கதையை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

1990களின் கடைசியில் நான் வேறொரு ஆஸ்பத்திரி லேப்பில் இருந்தேன். நம்ம பக்கம் லாரித் தொழில், எச்.ஐ.வி. அப்போது வீடு வீடாக வந்துகொண்டிருந்த நேரம். ஒரு டிரைவரின் மனைவி, மாசமாக இருந்தாள், ஏழாம் மாதம். ரத்தம் எடுத்தோம், எதற்கு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பாசிட்டிவ் வந்தது. நான் சீட்டில் எழுதி மற்ற சீட்டுகளோடு ஜன்னலில் வைத்துவிட்டு அடுத்த டியூபைப் பார்க்கப் போய்விட்டேன். அங்கே நின்ற ஆள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, வரிசையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் ரிசல்ட்டை வாசித்துவிட்டார். அவள் சீட்டை வாங்கவில்லை. திரும்பி நடந்து போனாள், அப்புறம் அந்த ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை. பிரசவம் எங்கே நடந்தது, பிள்ளை என்ன ஆனது, எனக்குத் தெரியாது. அந்தச் சோதனையை நான் சரியாகத்தான் செய்தேன், கண்ணு. ரிசல்ட்டில் ஒரு தப்பும் இல்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

அதனால் நம்பிக்கை மையத்துக்கு மாற்றல் வந்தபோது முதல் ஆறு மாதம் நான் அந்தக் கவுன்சலர் அக்காவைத்தான் கவனித்தேன். ஒரு சோதனை கிட்டில் பாசிட்டிவ் கோடு விழுந்தால் அடுத்த கிட், அதிலும் விழுந்தால் மூன்றாவது, அதற்குப் பிறகுதான் ரிஜிஸ்டரில் எழுதுவேன். அவ்வளவு நேரமும் வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் என் முகத்தைப் பார்த்தே ரிசல்ட் படிக்கப் பார்ப்பார்கள். நான் தலை நிமிராமல் சீட்டைக் கொண்டுபோய் அக்கா மேஜையில் கவிழ்த்து வைப்பேன். அவர் எடுத்தவுடன் ரிசல்ட்டைச் சொல்ல மாட்டார். 'இன்னைக்கு வீட்டுக்கு யாரோட போவீங்க?' என்று கேட்பார். யாரும் இல்லை என்றால், யாரைக் கூப்பிடலாம் என்று யோசிக்க வைத்து, அதற்குப் பிறகுதான் சொல்வார். அந்த ஒரு கேள்வியை எந்த மெஷினும் கேட்காது. ஆனால் என் மூன்று கிட் சரியாக இல்லையென்றால் அந்தக் கேள்விக்கும் அர்த்தம் இல்லை. எங்கள் இரண்டு பேரையும் ஒரே ஆளாக ஆக்கினால் எப்படி இருக்கும் என்று நான் அப்போதே நினைத்ததுண்டு. இப்போது என் மகளே அப்படி ஆகப் பார்க்கிறாள், அதற்கு நான் எப்படி வேண்டாம் என்பேன்?

இது புதுசாக யாரும் போகாத வழியும் இல்லை. 1986இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. இருப்பதைக் கண்டுபிடித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில்தான். நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். சுத்தமான லேப் வேலை அது. ஆனால் சுனிதி அம்மா லேப்போடு நிற்கவில்லை. அரசு வேலையை விட்டுவிட்டு 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தை ஆரம்பித்தார், அங்கே கவுன்சலிங், சிகிச்சை, ஆராய்ச்சி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. பாசிட்டிவ் ஆனவர்களுக்கு அவரே வரன் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தார். 2015இல் அவர் இறந்த செய்தி வந்த அன்றைக்கு நானும் அக்காவும் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

நீ உளவியல் சேர்ந்த வருஷம் நானே தேடிப் படித்தது இன்னொன்று. அமெரிக்காவில் நான்சி வெக்ஸ்லர் என்று ஒருவர், மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், மரபணு ஆராய்ச்சியாளராக ஆரம்பித்தவர் இல்லை. அவர் அம்மாவுக்கு ஹண்டிங்டன் நோய். மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கிற, பிள்ளைகளுக்கும் வரச் சரிபாதி வாய்ப்பு உள்ள நோய் அது. அவர் வெனிசுவேலாவில் மராக்கைபோ ஏரிக்கரைக் கிராமங்களுக்கு வருஷா வருஷம் போய், குடும்பம் குடும்பமாக வம்சாவளி எழுதி, ரத்தம் சேகரித்து வந்தார். அதிலிருந்துதான் 1983இல் அந்த நோய்க்கான மரபணு நான்காவது குரோமோசோமில் இருக்கிறது என்று தெரிந்தது, 1993இல் மரபணுவே கையில் சிக்கியது. அந்த ஊர் ஜனங்கள் அவரிடம் கையை நீட்டியதற்குக் காரணம், தன் வீட்டிலும் இதே நோய் இருக்கிறது என்று அவர் மறைக்காமல் சொன்னது. சோதனை வந்த பிறகு, முன்கூட்டியே கவுன்சலிங் இல்லாமல் யாருக்கும் ரிசல்ட் சொல்லக்கூடாது என்று நின்றவர்களிலும் அவர் ஒருவர். தனக்கும் அந்த நோய் வந்துவிட்டதை 2020இல்தான் வெளியே சொன்னார். அதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உன் வேலையும் அப்படிப்பட்டதுதான். காசநோய் மருந்து சாப்பிடும் ஆறு மாதத்தில் சிலருக்கு மனச்சோர்வு ஏன் வருகிறது, உடம்புக்குள் இருக்கும் அழற்சிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்க, ஒரே ஆளிடம் நீ பேசவும் வேண்டும், ரத்தமும் எடுக்க வேண்டும். மனசு வேறு உடம்பு வேறு என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்லு: மனச்சோர்வுக்கு முதல் மாத்திரைகளில் ஒன்றே காசநோய் வார்டிலிருந்துதான் வந்தது. 1950களின் ஆரம்பத்தில் நியூயார்க்கில் இப்ரோனியாசிட் என்ற காசநோய் மருந்தைக் கொடுத்தபோது, படுத்தே கிடந்தவர்கள் எழுந்து சிரித்துப் பேச ஆரம்பித்ததை அங்கே இருந்தவர்கள் கவனித்தார்கள். அதற்கு மாத்திரை மட்டும் போதவில்லை, பக்கத்தில் நின்று ஆளைப் பார்க்கத் தெரிந்த கண்ணும் வேண்டியிருந்தது.

சரி, இதுவரைக்கும் உன்னைத் தூக்கிவிடச் சொன்னது. இனிமேல் சொல்வது என் பயம்.

எச்.பி.டி.என். 052 என்ற ஆய்வைப் பற்றி நீ படித்திருப்பாய். ஒன்பது நாடுகள், 1,763 ஜோடிகள், ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கும், துணைக்கு இருக்காது. சென்னை ஒய்.ஆர்.ஜி. கேரும் அதில் ஒரு இடம். மருந்தைச் சீக்கிரம் ஆரம்பித்தால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011இல் முடிவு வந்தபோது, எங்கள் மையத்தில் நாங்கள் பேசுகிற பேச்சே மாறிப்போனது. அதுவரை பயமுறுத்திக்கொண்டிருந்தோம், அதற்குப் பிறகு தைரியம் சொல்ல முடிந்தது. ஆனால் ஒரு பயிற்சி வகுப்பில் கேட்ட இன்னொரு விஷயம் என்னை விடவே இல்லை. அந்த ஜோடிகளில் புதிதாகத் தொற்று வந்தது 39 பேருக்கு. வைரஸின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்ததில், துணையிடமிருந்துதான் வந்தது என்று உறுதியானது 28 பேருக்கு, அதில் 27 பேரின் துணை, மருந்தைத் தாமதமாக ஆரம்பிக்க வைத்த குழுவில் இருந்தவர். மிச்சம் பேரில் சிலருக்கு வந்த கிருமி வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தது.

கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பார். லேப்பைப் பொறுத்தவரை அது ஒரு எண். அந்த எண்ணைச் சரியாகப் பிரித்ததால்தான் 96 சதவீதம் என்ற முடிவே நிற்கிறது. ஆனால் கவுன்சலர் அறையில் அது ஒரு வீடு. புருஷனும் பொண்டாட்டியும் மாதாமாதம் சேர்ந்தே வந்து, சேர்ந்தே ரத்தம் கொடுத்து, ஒருவருக்கொருவர் தாங்கலாக இருந்தவர்கள். பிரிட்ஜில் இருக்கும் அந்த டியூபுக்கு அவர்கள் வீட்டு ரகசியம் தெரியும். நீ இரண்டு அறையிலும் இருக்கிறவள், அதனால் உனக்கும் தெரிந்துவிடும். அடுத்த வாரம் அவர்கள் உன் முன்னால் வந்து உட்காரும்போது நீ எந்த நாற்காலியில் இருக்கிறாய்? எனக்கு இதற்குப் பதில் தெரியாது கண்ணு. நீ ரத்தம் எடுப்பதற்கு முன்னாலேயே, எது தெரிந்தால் சொல்வோம், எது தெரிந்தாலும் சொல்ல மாட்டோம் என்று அவர்களிடம் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பது மட்டும் தெரியும். ரிசல்ட் வந்த பிறகு யோசிக்கலாம் என்று விட்டுவிட்டால், அந்த ஜன்னலில் சீட்டை வைத்துவிட்டுப் போன நான்தான் நீ.

இன்னொன்று கையெழுத்து. எங்கள் மையத்துக்கு ஒருமுறை ஒரு ஆய்வுக்காக ஆட்கள் கேட்டு வந்தார்கள். இரண்டு வருஷமாக அக்காவிடம் வந்துகொண்டிருந்த ஒரு அம்மாவிடம் படிவத்தை நீட்டியதும், 'நீங்க சொன்னா சரிங்க, எங்க கையெழுத்து போடணும்?' என்று கேட்டுவிட்டார். என்ன ஆய்வு, எத்தனை தடவை ரத்தம், ஒன்றும் கேட்கவில்லை. அக்கா பேனாவை வாங்கி மேஜையில் வைத்துவிட்டார். முதலிலிருந்து மறுபடி சொன்னார், மாட்டேன் என்று சொன்னாலும் மாத்திரை நிற்காது என்று மூன்று தடவை சொன்னார். அது நிற்கும் என்றுதான் அந்த அம்மா நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்! எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் 'அப்படின்னா வேண்டாங்க' என்றார். அன்றைக்கு அக்கா முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை.

உன்னிடம் அழுது முடித்த ஆள், நீ நீட்டுகிற எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவார். அவர் உன்னை நம்பிப் போடுகிறார், ஆய்வைப் புரிந்துகொண்டு போடவில்லை. மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆராய்ச்சிக்கு உலக அளவில் வகுத்த நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனத்திலேயே இது இருக்கிறது, உன்னை அண்டி இருப்பவரிடம் ஒப்புதல் கேட்க உனக்குச் சம்பந்தம் இல்லாத, விஷயம் தெரிந்த வேறு ஆளை வைக்கச் சொல்கிறது. எத்திக்ஸ் கமிட்டி கேட்கிறது என்பதற்காகச் செய்யாதே. ஆள் கிடைக்கவில்லை, நேரம் இல்லை, இந்த மாதம் இத்தனை மாதிரி சேர்த்தாக வேண்டும் என்று உன் கைடு அவசரப்படுத்துவார், அவருக்கும் மேலே ஒருவர் இருப்பார். அந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதே. மாதிரி குறைந்தால் குறையட்டும், படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போனால் போகட்டும், பணத்துக்கு நானும் அப்பாவும் இருக்கிறோம்.

லேப் ஆட்கள் உன்னைப் பேசுகிற பெண் என்று சொல்வது போகவேண்டுமென்றால் அதற்கு வழி ஒன்றுதான், அவர்கள் வேலையை அவர்களைவிட ஒழுங்காகக் கற்றுக்கொள். சென்ட்ரிஃபியூஜில் எதிரெதிரே எடை சரிபார்த்து டியூப் வைப்பதிலிருந்து ஆரம்பி. புள்ளியியலை யாரிடமாவது கணக்குச் செய்துதரச் சொல்லி வாங்காதே, நீயே போட்டுப் பார். பொங்கலுக்கு வரும்போது கையில் நரம்பு கிடைக்காதவர்களுக்கு ரத்தம் எடுப்பது எப்படி என்று நான் சொல்லித் தருகிறேன், அப்பா கையை நீட்டுவதாகச் சொல்லிவிட்டார்.

அப்புறம், நீயும் வாரத்துக்கு ஒருநாள் யாரிடமாவது போய்ப் பேசு. அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்கிறவளுக்கும் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தது நீதான். ஞாயிற்றுக்கிழமை சளி என்று சொன்னதை மட்டும் இனி வேண்டாம், அழுகை வந்தால் அழுகை என்றே சொல்.

உங்கள் ஆய்வின் ஒப்புதல் படிவம் தமிழில் தயாராகிறது என்று சொன்னாய் இல்லையா, அதை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு. பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து அம்மாயிக்கு வாசித்துக் காட்டுகிறேன். அவருக்கு எங்கெங்கே புரியவில்லையோ அங்கே பென்சிலால் கோடு போட்டு, போட்டோ எடுத்துத் திருப்பி அனுப்புகிறேன்.

அம்மா