முதலில் அமிலம், அப்புறம் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மாணவர் பக்கத்தில், கொஞ்சம் அமிலமோ காரமோ சேர்ந்தாலும் பிஹெச் (அமில-கார அளவு) அதிகம் மாறாத தாங்கல் கரைசல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அமிலமும் அதன் உப்பும் உள்ள விகிதத்திலிருந்து பிஹெச்சைக் கணக்கிடும் ஹென்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாட்டை அவ்வளவு எளிமையாக விளக்கியிருந்தது மகிழ்ச்சி. ஆனால், வலிமை குறைந்த எந்த அமிலத்தையும் அதன் உப்போடு தக்க விகிதத்தில் கலந்தால் வேண்டிய பிஹெச் வந்துவிடும் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. இருபத்தாறு ஆண்டுகள் ஆய்வகத்தில் மாணவர்களுக்குக் கரைசல் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். அந்த வரியைத் திருத்தாமல் விட மனம் வரவில்லை.

பிஹெச் வரும், சரி. தாங்கும் திறன் வராது. அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ, அதாவது அமிலமும் அதன் உப்பும் சம அளவில் இருந்தால் கணக்குப்படி வரும் பிஹெச், 4.76. அதை வைத்துப் பிஹெச் 7 வேண்டுமென்றால் ஏறக்குறைய 174 பங்கு அசிட்டேட் உப்புக்கு ஒரு பங்குதான் அமிலம் இருக்கும். 0.1 மோலார், அதாவது லிட்டருக்கு 0.1 மோல் உள்ள கரைசல் ஒரு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மிஞ்சியிருக்கும் அமிலம் 0.0006 மோல்கூட இல்லை. ஒரு மோலார் சோடியம் ஹைட்ராக்சைடை வெறும் ஒரு மில்லிலிட்டர் விட்டால் போதும், இருக்கும் அமிலம் அத்தனையும் தீர்ந்து பிஹெச் 10ஐத் தாண்டிவிடும். அதே ஒரு மில்லிலிட்டரை பிஹெச் 7 உள்ள 0.1 மோலார் பாஸ்பேட் கரைசல் ஒரு லிட்டரில் விட்டுப் பாருங்கள், 0.02 அளவுகூட நகராது. படிப்படியாக ஹைட்ரஜனை இழக்கும் பாஸ்பாரிக் அமிலத்தின் இரண்டாவது பிகேஏ 7.2 என்பதே காரணம்.

அதனால்தான் வேண்டிய பிஹெச்சிலிருந்து மேலேயோ கீழேயோ ஒன்றுக்கு மேல் விலகாத பிகேஏ உள்ள அமிலத்தை முதலில் தேடச் சொல்வேன். பிஹெச் 5 பக்கம் அசிட்டிக், 7 பக்கம் பாஸ்பேட், 9 பக்கம் போரிக். அதோடு நின்றுவிடவும் கூடாது. கரைசலில் அடுத்து எதைச் சேர்க்கப்போகிறோம் என்றும் யோசிக்க வேண்டும். கால்சியம் சேர்க்க வேண்டிய வேலைக்குப் பாஸ்பேட்டை எடுத்தால் பீக்கரில் வெள்ளையாக வீழ்படிவு இறங்கும்.

வெப்பநிலையைப் பற்றி கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. ஒருமுறை ஓர் ஆராய்ச்சி மாணவி, நொதி வேலை செய்யவே மாட்டேன் என்கிறது மேடம் என்று கண் கலங்கி வந்து நின்றாள். ஒரு வாரமாக நொதியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வைத்திருந்தது டிரிஸ் என்ற காரத்தைக் கொண்டு செய்த தாங்கல் கரைசல். 25 டிகிரியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு 8.0 என்று சரிபார்த்திருக்கிறாள். வேலை செய்ததோ 4 டிகிரி குளிர் அறையில். மீட்டரை அங்கேயே எடுத்துப்போய், அங்கேயே தரப்படுத்தி, மின்முனையை இறக்கினோம். 8.6 காட்டியது. டிரிஸின் பிகேஏ ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 0.03 ஏறும். 21 டிகிரிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அவளே தலையில் கைவைத்துக்கொண்டாள். மறுநாள் குளிர் அறையிலேயே பிஹெச் சரிசெய்து புதிதாகத் தயாரித்தோம், நொதி வேலை செய்தது.

தயாரிக்கும் முறையில் நான் விடாமல் சொல்வது ஒன்று உண்டு. திட்டக் குடுவையில் கோடு வரை நீர் நிரப்பிவிட்டு அப்புறம் பிஹெச் சரிசெய்யாதீர்கள். முக்கால் பங்கு நீரில் கரைத்து, கலக்கியை ஓடவிட்டு, சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டு, மீட்டர் எண் அசையாமல் நின்ற பிறகு கோடு வரை நிரப்புங்கள். அவசரத்தில் கூடுதலாக விட்டுவிட்டால், காரம் ஊற்றித் திரும்ப ஏற்றப் பார்ப்பார்கள். உப்புதான் சேரும். கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே நல்லது. விகிதத்தைக் கணக்கிட்டுக் கலந்தாலும் மீட்டர் கட்டாயம் வேண்டும். பாஸ்பேட்டின் அமில வடிவையும் கார வடிவையும் சம அளவாக 0.1 மோலாரில் கலந்தால் கணக்கில் வரும் 7.2 வராது, 6.8 பக்கம்தான் நிற்கும். செறிவு கூடக்கூட அயனிகள் ஒன்றையொன்று பாதிப்பதால் இப்படி ஆகிறது.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். கூடவே பத்துப் பன்னிரண்டு அமிலங்களின் பிகேஏ அட்டவணையையும், எந்த வெப்பநிலையில் அளந்தது என்ற குறிப்போடு போடுங்கள். மாணவர்கள் வெட்டி ஆய்வக நோட்டில் ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆய்வகப் பயிற்றுநர்