அமெரிக்க கன்ட்ரி வானொலி நிலையங்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். புதிய பாடகி ஒருவரின் பாடல் உங்கள் மேசைக்கு வரும்போது, பெண் குரல் என்ற ஒரே காரணத்துக்காக அதைப் பின்னுக்குத் தள்ளும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். இதற்குச் சான்றாக, கன்ட்ரி எனப்படும் அமெரிக்கக் கிராமிய இசையில் உங்கள் நிலையங்களே வளர்த்தெடுத்த பாடகி கேரி அண்டர்வுட்டின் முதல் இசைத்தொகுப்பான ‘சம் ஹார்ட்ஸ்’ஸை நினைவூட்ட விரும்புகிறேன்.

ஓக்லஹோமா மாநிலத்தின் செக்கோட்டா என்ற சிற்றூரில் வளர்ந்த அவர், பல்கலைக்கழகப் படிப்பின் இடையே ‘அமெரிக்கன் ஐடல்’ என்ற தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குச் சென்று, 2005 மே மாதம் அதன் நான்காவது பருவத்தில் வென்றார். வெற்றியை ஒட்டி வெளியான ‘இன்சைட் யுவர் ஹெவன்’ இசை இதழான பில்போர்டின் ‘ஹாட் 100’ என்ற, எல்லா வகைப் பாடல்களுக்குமான தரவரிசைப் பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. போட்டி மேடைக்கென்றே செய்த அந்த பாப் பாடலை உங்கள் நிலையங்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். நவம்பர் 15 அன்று தொகுப்பு வெளிவந்தபோது அந்தப் பாடல் கடைசியில், கூடுதல் பாடலாகத்தான் இடம்பெற்றிருந்தது.

தொகுப்பின் பலம் வேறிடத்தில் இருந்தது. பிரெட் ஜேம்ஸ், ஹிலரி லிண்ட்சி, கார்டி சாம்ப்சன் ஆகிய மூவர் எழுதிய ‘ஜீஸஸ், டேக் த வீல்’ பாடலில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் பின்னிருக்கையில் கைக்குழந்தையோடு சின்சினாட்டியை நோக்கிக் காரோட்டிச் செல்லும் ஒரு தாய், சாலையில் படிந்த பனிக்கட்டியில் வண்டி கட்டுப்பாட்டை இழந்து சுழல, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் கடவுளிடம் ஒப்படைத்துவிடுகிறாள். போட்டியில் குரலின் உயரத்தால் வென்ற அந்த 22 வயதுப் பெண், சரணங்களைப் பக்கத்தில் அமர்ந்து கதை சொல்பவர்போல் அடக்கிப் பாடி, பல்லவிக்கு வந்த பிறகுதான் குரலை முழுதாகத் திறக்கிறார். அதே தொகுப்பின் ‘பிஃபோர் ஹி சீட்ஸ்’ பாடலில், ஏமாற்றிய காதலனின் வண்டியைச் சாவியால் கீறி, முகப்பு விளக்குகளை பேஸ்பால் மட்டையால் உடைப்பவளும் அவரே. இவ்வளவு தொலைவில் நிற்கும் இரண்டு பெண்களை ஒரே தொகுப்பில் நம்பும்படி பாடிய அறிமுகக் கலைஞர்கள் மிகச் சிலரே.

‘ஜீஸஸ், டேக் த வீல்’ பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் ஆறு வாரங்களும், ‘பிஃபோர் ஹி சீட்ஸ்’ ஐந்து வாரங்களும் முதலிடத்தில் இருந்தன. அந்நாளில் அந்தப் பட்டியல் வானொலி ஒலிபரப்பை மட்டுமே கணக்கில் கொண்டது என்பதால், அந்த இடத்தைத் தந்தவர்கள் நீங்கள்தான். முதல் வாரத்தில் விற்ற சுமார் 3,15,000 பிரதிகளைத் தொலைக்காட்சியின் கொடை என்று வைத்துக்கொண்டாலும், பிற்பாடு அமெரிக்காவில் மட்டும் விற்பனை 70 லட்சத்தைத் தாண்டியதற்கும், பத்தாண்டின் முதன்மையான கன்ட்ரி தொகுப்பாக பில்போர்டு அதை அறிவித்ததற்கும், நீங்கள் மாதக்கணக்கில் ஒலிபரப்பியதே பெரும் காரணம்.

அதன்பின் நிலைமை ஏன் தலைகீழானது? ஆண்டிறுதி ஒலிபரப்புப் பட்டியல்களை ஆராய்ந்த ஒட்டாவா பல்கலைக்கழக ஆய்வாளர் ஜேடா வாட்சன், 2000இல் மூன்றில் ஒரு பங்காக இருந்த பெண்களின் பாடல்கள் 2018இல் 11 சதவீத அளவுக்குச் சரிந்ததைக் காட்டினார். 2015இல் வானொலி ஆலோசகர் ஒருவர் பெண்களைச் சாலட்டில் இடும் தக்காளிக்கு ஒப்பிட்டு, நேயர் எண்ணிக்கை வேண்டுமானால் அவர்களைக் குறையுங்கள் என்றார். ‘தி வாய்ஸ்’ என்ற மற்றொரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் 2012இல் வென்ற கேஸடி போப்பின் முதல் கன்ட்ரி தொகுப்பு, அடுத்த ஆண்டு பில்போர்டின் கன்ட்ரி தொகுப்புப் பட்டியலில் முதலிடத்திலேயே நுழைந்தது. முதல் பாடலுக்கு நல்ல வரவேற்புத் தந்த வானொலி, அடுத்த பாடலைக் கைவிட்டது. வாக்களித்த மக்களும் வாங்கிய மக்களும் மாறவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

இதன் விளைவு பாடகிகளோடு நிற்பதில்லை. அமெரிக்கச் சட்டப்படி, பண்பலை ஒலிபரப்புக்கான உரிமத்தொகை பாடலை எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான் போகிறது, பாடியவருக்குப் போவதில்லை. பெண் குரல் ஒலிக்காது என்று தெரிந்தால், கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில்லில் பாட்டெழுதிப் பிழைப்பவர் தம் சிறந்த பாடலை ஆண் பாடகரிடம் கொடுப்பதில் வியப்பில்லை. பிறகு பாடகிகளிடம் நல்ல பாடல்கள் இல்லை என்று நீங்களே குறை சொல்வது எவ்வளவு அநியாயம்!

ஆகவே, இரண்டு பெண்களின் பாடல்களை அடுத்தடுத்து ஒலிபரப்பக் கூடாது என்ற எழுதாத விதியை நீக்குங்கள். நள்ளிரவுக்குப் பின் மட்டும் கேட்கும் புதிய பாடகிகளை, மக்கள் வேலைக்குப் போய்த் திரும்பும் காலை மாலை வேளைகளில் ஒலிக்கச் செய்யுங்கள். புதிய பாடகர் ஒருவரின் இரண்டாவது பாடலுக்கு எத்தனை வாரங்கள் பொறுத்திருக்கிறீர்களோ, அத்தனை வாரங்கள் புதிய பாடகியின் இரண்டாவது பாடலுக்கும் பொறுத்திருங்கள்.

இப்படிக்கு,
கன்ட்ரி இசை நேயர் ஒருவர்